தோளுக்குத் தண்ணீர் கட்டிய மேசன்

பொய் சொல்லத் துணிந்தவன் அதைச் சுவரில் எழுதி வைக்கக் கூடாது. நான் எழுதி வைத்தேன். அதுவும் மகளுக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னறைச் சுவரில், பென்சிலால், வரிசை வரிசையாக.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கல்முனைக்குடியில் முதல் வீட்டைக் கடல் கொண்டு போனது. இரண்டாவதை நானே கட்டினேன். பிறகு சவூதி, கத்தார், மாலைதீவு என்று போன இடமெல்லாம் அடுத்தவன் வீட்டைக் கட்டினேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளையைக் கட்டிக் கொடுப்பதென்றால் வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அங்கேதான் வந்து குடியிருப்பார். என் மகள் சிபானாவின் வீட்டில் மேல்தட்டுக்கு, அதாவது கொங்கிறீட் கூரைக்கு, உள்பூச்சு பாக்கி. கத்தாரில் மறுபடி ஒரு மேசன் வேலை வருவதாக இருந்தது. அது கிடைத்தால் வீடு முடியும், பெருநாள் கழியக் கலியாணம் என்று பேச்சு.

அந்த நேரம் பார்த்து என் வலது தோள் இறுகிப் போனது. (சட்டை போடுவதற்கு மனைவி வேண்டும். தொழுகையில் தக்பீருக்குக் கை உயர்த்தினால் இடது கை காதுக்குப் போகும், வலது கை நெஞ்சோடு நிற்கும். பக்கத்தில் நின்றவர் நான் யாருக்கோ வழி காட்டுவதாக நினைத்திருப்பார்.)

டொக்டர் அதற்குப் ‘புரோசன் ஷோல்டர்’ என்று பெயர் சொல்லி, பயிற்சி கொடுக்கும் ஒரு மிஸ்ஸிடம் அனுப்பினார். பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை. எனக்கும் தனக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பேனா மாதிரி ஒன்றைத் தோளில் வைத்து லேசர் அடித்தார். சூடில்லை, புகையில்லை, சத்தமில்லை.

“அங்கிள், லேசர் நோவைக் குறைக்கும், அவ்வளவுதான். நோ குறைஞ்ச நேரத்தில கைய அசைக்கிறது உங்கட வேலை. விரலால சுவர்ல ஏறுங்க. எட்டின இடத்தில ஒரு கோடு போடுங்க. நாளுக்கு நாள் கோடு மேல போகணும்.”

“ஓம் மிஸ்” என்றேன். காதில் விழுந்தது லேசர் மட்டும்தான்.

முப்பது வருடம் சீமெந்து மூட்டை சுமந்த தோளுக்கு எறும்பு மாதிரிச் சுவர் ஏறும் வேலையா? எனக்கிருந்த அறிவு முழுவதும் கொங்கிறீட் அறிவு. தட்டுப் போட்டால் அதை ஆட்டக் கூடாது. மேலே தண்ணீர் கட்டி நாட்கணக்கில் விட வேண்டும். இறுகிய பிறகுதான் அடியில் முட்டுக் கொடுத்த பலகையைக் கழட்டலாம். லேசரும் உள்ளே போய் எதையோ ஒட்ட வைக்கிறது, ஆட்டினால் வெடித்துவிடும் என்று நானே தீர்மானித்தேன். பழைய சாரனைக் கிழித்துக் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன். காலையும் மாலையும் தோளில் ஈரத் துவாய் போட்டேன்.

என் மனைவி ஜெஸீமா வந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்க, மிஸ் கைய ஆட்டச் சொன்னா. நீங்க என்னத்துக்குக் கட்டி வெச்சிரிக்கீங்க?”

“உனக்கென்ன தெரியும்? செட் ஆகணும்.”

“அது தோளா, தூணா?”

கிழமைக்கு ஒரு தடவை மிஸ் போனில் கோட்டின் படம் கேட்பார். இடது கையால் கோடு போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். வலது கை கட்டுக்குள்ளேயே கிடந்தது. கோடு மட்டும் ஏறியது. கடைசிக் கோடு வாசல் நிலைக்கு மேலே போய்விட்டது. (அதைக் கதிரையில் ஏறிப் போட்டேன்.)

வேலைப் பரீட்சை சம்மாந்துறையில், கட்டி முடியாத ஒரு வீட்டில் நடந்தது. சாரக்கட்டில் நின்று மேல்தட்டுக்குச் சாந்து அடிக்க வேண்டும். ஏஜென்சித் தம்பி வெள்ளைச் சட்டையோடு கீழே நின்று, கத்தாருக்கு அனுப்புவதற்காகப் போனில் படம் பிடித்தார். அன்று காலையில்தான் கட்டை அவிழ்த்திருந்தேன். கரண்டியில் சாந்தை அள்ளிக் கையை உயர்த்தினேன். கை நெஞ்சோடு நின்றது. சரி, இடுப்பால் வீசுவோம் என்று உடம்பையே சுழற்றினேன். சாந்து பாதி தூரம் போய், யோசித்து, என் முகத்துக்கே திரும்பியது. இரண்டாவது வீச்சு தம்பியின் போனுக்கும் சட்டைக்கும் போனது.

“காக்கா, உங்களுக்குக் கை தூக்க ஏலாதா?”

“ஏலும் தம்பி. லேசர் அடிச்சிரிக்கன். இன்னும் செட் ஆகல்ல. தண்ணி கட்டித்தான் வெச்சிரிந்தன்.”

வரிசையில் நின்ற மேசன்மார் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார்:

“அப்ப பலகைய எப்ப மனே கழட்டுவா?”

அந்தச் சிரிப்பு கத்தார் வரைக்கும் போயிருக்கும். போன் நிறுத்தாமல் பதிந்துகொண்டுதான் இருந்தது. வேலை போனது. கலியாணம் அரை வருடம் தள்ளிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் வந்து என் தோளைப் பற்றி நலம் விசாரித்தார்கள். அவர்கள் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுகிழமை மிஸ் என் கையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு போனில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“கோடு நிலைக்கு மேல போயிட்டுது. கை ஏன் அங்கிள் கீழயே நிக்குது?”

சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தோள் நோவை விடப் பெரிதாகத் தெரிந்தது.

அன்று பின்னேரமே சிபானா சிவப்புப் பென்சிலோடு சுவரடியில் நின்றாள். “ஏறுங்க வாப்பா.” விரல்கள் எறும்பாக ஏறின. கண்ணில் தண்ணீர் வந்தது. நெஞ்சு உயரத்தில் முதல் சிவப்புக் கோடு விழுந்தது. லேசர் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். சிவப்புக் கோடு தலைக்கு மேலே போனபோது அதே கையால் அவள் வீட்டு மேல்தட்டைப் பூசி முடித்தேன். ஒரு மூலையில் அலை அலையாக இருக்கும்; அதை நான் விருந்தாளிகளுக்குக் காட்டுவதில்லை.

அவள் காட்டுவது வேறு. வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது அந்தச் சுவரைத் தொட விடவில்லை. இப்போது என் பேரன் அதில் சாய்ந்து நிற்பான். வருகிறவர்கள், “என்ன புள்ள, மகன்ட உயரத்தக் குறிச்சு வெச்சிரிக்காயா?” என்று கேட்பார்கள்.

“சிவப்பு வாப்பாட கை ஏறின உயரம்” என்பாள் சிபானா. “கறுப்பு வாப்பாட பொய் வளந்த உயரம். அதுக்குக் கதிர வேணும்.”

உடனே ஜெஸீமா உள்ளேயிருந்து கதிரையை எடுத்துக்கொண்டு வருவாள்.