வாரத்தில் நாலு நாள் கீரை

பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்றால், அவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முந்தின நாளே பிள்ளைகளைத் தயார் செய்து வைப்பது ஆசிரியர்களின் வழக்கம். (அப்படியெல்லாம் கிடையாது என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அப்படிச் சொல்ல அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.) உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியனான எனக்கு அது ரத்தத்தில் ஊறிய வழக்கம். என் மகளின் முதல் வேலைக்கு உலை வைக்கப் பார்த்ததும் அதுதான்.

பவித்ராவுக்கு ஒரு பெரிய மருத்துவ ஆய்வில் தகவல் சேகரிக்கும் வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய், என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள், பீடி சிகரெட் உண்டா என்றெல்லாம் கேட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும். சாயங்காலத்துக்குள் அத்தனையும் சென்னை அலுவலகத்துக்குப் போய்விடும். அங்கே சரிபார்க்கத் தனி ஆட்கள். பயிற்சிக் காலத்தில் தப்பு நடந்தால் வேலை போய்விடும்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நாய் துரத்துமா, குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்களா, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்வார்களா? அவளுக்கு ஒதுக்கிய ஊர் எதுவென்று பார்த்தால், என் பள்ளிக்கூடம் இருக்கும் ஊர். பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். கடவுளே வழிகாட்டுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் எங்களை வைத்து அவள் பயிற்சி எடுத்ததில் கேள்விகள் எனக்கு மனப்பாடம். பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். டிராக்டர் ஓட்டும் கன்னியப்பன்தான் முரண்டு பிடித்தான். (ஐந்தாம் வகுப்பிலேயே அப்படித்தான்.)

"நான் கீரைய கண்ணால பாத்தே நாளாவுது சார். இன்னான்னு சொல்றது?"

"நாலு நாள்னு சொல்லு."

ஏழு என்றால் நம்ப மாட்டார்கள். ஒன்று என்றால் ஊருக்கு அவமானம். நாலு கௌரவமாக இருந்தது. நடைப்பயிற்சிக்கும் நாலு, பழத்துக்கும் நாலு என்று சுலபமாக்கிக் கொடுத்தேன்.

கன்னியப்பன் மேல் மட்டும் நம்பிக்கை வரவில்லை. பவித்ரா அவன் வீட்டுக்குப் போன சனிக்கிழமை, ஸ்கூட்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே குந்திக்கொண்டேன். அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளே டிவி ஓடிய சத்தத்தில் என்னை அவள் கவனிக்கவில்லை.

அந்த ஊர் வேலை முடிந்ததும், "அங்க எல்லாருமே ரொம்ப ஒழுங்கா இருக்காங்கப்பா" என்றாள் சாப்பிடும்போது. நான் அடக்கமாக ரசத்தைக் குடித்தேன்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து போன் வந்தது. ஊர் மொத்தமும் ஒரே பதில் சொல்லியிருக்கிறது; ஒரு வீட்டுக்கும் போகாமல் நீயே உட்கார்ந்து நிரப்பிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். பவித்ரா அழவில்லை. டேப்லெட்டையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்துப் பையில் வைத்தாள். இரவெல்லாம் அவளிடம் சொல்ல முடியாமல் புரண்டுவிட்டு, காலையில் நானும் கூடவே கிளம்பினேன்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் அவர்களுடைய அலுவலகம். சென்னையிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பவித்ரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அம்மா நம்பவில்லை. "பொண்ணுக்காக எந்த அப்பாவும் இப்படித்தான் சார் சொல்வாங்க" என்றார். பிறகு, சம்மதம் கொடுத்தவர்களின் பேட்டிகளில் சிலவற்றை டேப்லெட் தானாகவே ஒலிப்பதிவு செய்யும், எதை என்று பேட்டி எடுப்பவருக்கே தெரியாது என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். இந்த ஊரில் பதிவானது கன்னியப்பன் வீடு.

முதலில் பவித்ராவின் குரல், வாரத்தில் எத்தனை நாள் கீரை என்று. டிவி சத்தம் மட்டும். பிறகு ஒரு செருமல்; அன்று அவள் டிவி என்று நினைத்திருந்தது, என்னுடையது. "நாலு நாளு" என்று ஜன்னல் சொன்னது. "நாலு நாளு சார்" என்றான் கன்னியப்பன், என் மகளிடம். பீடி சிகரெட் உண்டா என்றாள். மறுபடி செருமல். "பழக்கமே இல்ல சார்" என்று அவன் சொல்லி முடிக்கவும், தீக்குச்சி உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. கடைசியில் நிம்மதி நிறைந்த என் குரல்: "குட். உட்காரு."

மேற்பார்வையாளர் அம்மா எழுந்து போய் வெளியே நின்று சிரித்துவிட்டு வந்தார். வீட்டுக்குப் போகாமல் நிரப்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை; வேலை தப்பியது. ஆனால் ஊர் முழுக்க மறுபடி கேட்க வேண்டும். அதற்கு முன் நான் வீடு வீடாகப் போய், உள்ளதைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பேட்டி நாட்களில் அந்தத் தெருப் பக்கம் என் நிழல் விழக் கூடாது.

போனேன். கன்னியப்பன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"சரி சார், உண்மையவே சொல்லிடறேன். அது எத்தினி நாளு?"

பவித்ராவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சியில் அந்தச் செருமலை மட்டும் போட்டுக் காட்டுகிறார்களாம். (என்னிடம் முறைப்படி ஒப்புதல் கையெழுத்து வாங்கினார்கள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டில் நடக்கும் கேலியிலிருந்து விலக வழி இல்லையே.) இன்றைக்கும் யாராவது செல்போனை என் பக்கம் நீட்டினால், வருகிற செருமலை விழுங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாரத்தில் எத்தனை நாள் நடக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நடப்பதே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் நின்ற என் மனைவி ஒரு செருமல் செருமி, "நாலு நாளு" என்றாள்.

டாக்டர் எழுதிக்கொண்டுவிட்டார்.