விலாங்கிடம் பேசியவர்

“நாளையிலேருந்து நீ ரெண்டாவது டீமுக்குப் போகணும், மொகாமி. தப்பா எடுத்துக்காதே. வயசு அப்படி.”

இகுஷிமா சொல்லி முடித்துவிட்டு எதிரே பார்த்தார். விலாங்கு பதில் சொல்லவில்லை. கறுப்புப் பெட்டிக்குள் சூடான சோற்றின் மேல் சுட்ட மீனாக மினுமினுப்பாகப் படுத்துக் கிடந்தது.

“அதுக்கு ஒண்ணும் கோபம் வந்த மாதிரி தெரியல,” என்றாள் கடைக்காரி ஃபூசே. “ஆறிப்போகுது மேனேஜரே, சாப்பிடுங்க. அந்த மூலை நாற்காலியில உட்கார்றவங்களுக்கெல்லாம் இதே வியாதி.”

ஹமமாட்சு ஊரில் இகுஷிமாவைத் தெரியாதவர் கிடையாது. அந்தக் காலத்தில் அவர் மட்டையைச் சுழற்றினால் பந்து மைதானத்தைத் தாண்டிப் போய் மீன் சந்தையில் விழும். அவர் ஆடும் நாட்களில் மீன்காரர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வியாபாரம் செய்ததாக ஒரு பேச்சு உண்டு. நாரைகள் அணிக்கு வருஷக்கணக்கில் நாலாவது ஆட்டக்காரராக நின்றார். பேஸ்பாலில் நாலாவதாக மட்டை பிடிப்பவன்தான் அணிக்கு நடுத்தூண். இப்போது அதே அணிக்கு அவர் மேனேஜர். பந்து வீசுகிறவர்களை எல்லாம் நடுங்க வைத்த மனுஷனுக்கு, ஒருத்தனிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லத் துப்பில்லை.

காலையில் அணியின் சேர்மன் போன் செய்திருந்தார். இப்போதைய நாலாவது ஆட்டக்காரன் மொகாமிக்குக் கண் மங்கிவிட்டது, மட்டை காற்றைத்தான் அடிக்கிறது, அவனை இறக்கிவிட்டுச் சின்னப் பையன் ஒருவனைப் போட வேண்டும். அந்த வயதில் இரண்டாவது அணிக்குப் போகிறவன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. “நாளைக்கு மூணு மணிக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா ஆபீஸ்லேருந்து ஆள் விட்டுச் சொல்லிடறேன்” என்று வைத்துவிட்டார்.

“நேரா சொல்லிட வேண்டியதுதானே?” என்றாள் ஃபூசே.

“நேராவா? என்கிட்டயும் ஒருத்தன் நேராத்தான் சொன்னான்.”

அது இருபது வருஷத்துக்கு முந்தின கதை. பயிற்சி முடிந்து மைதானத்துக் குளியலறையில் தலை நிறையச் சோப்பு நுரையோடு இகுஷிமா உட்கார்ந்திருந்தார். அப்போதைய மேனேஜர் குவபாரா கதவைத் திறந்தார். “இகுஷிமா. நாளையிலேருந்து மட்டை தூக்கிட்டு வராதே.” கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான். கண்ணில் சோப்பு போனதால் திருப்பித் திட்டக்கூட முடியவில்லை.

அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. குவபாரா இப்போது மிக்காபியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார். குளிர்காலம் பிறந்தால் அவரிடமிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சு வந்துவிடும். இகுஷிமா அதைப் பிரிக்காமலே எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். எதிர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சளி பிடிக்காத ரகசியம் அதுதான்.

“குவபாரா ஐயா போன வாரம்கூட இங்க...” ஃபூசே ஆரம்பித்தாள்.

“அந்தப் பேரை எடுத்தா இந்தக் கடைப் பக்கமே வர மாட்டேன். இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன்.”

“இருபது வருஷமா நானும் வாயை மூடிட்டுத்தானே இருக்கேன்!”

இகுஷிமா பெருமூச்சு விட்டார். “மொகாமிக்கு நான் இன்னொரு குவபாரா ஆகிடக்கூடாது, ஃபூசே. அவன் என்னை வெறுக்காம வீட்டுக்குப் போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

வாசல் துணியை விலக்கிக்கொண்டு மொகாமி உள்ளே வந்தான். அவன் உயரத்துக்கு அந்த வாசலில் நுழைய இடுப்பு வரை குனிய வேண்டும். குனிந்தவன் அப்படியே நின்று வணங்கினான். முகமெல்லாம் பல்.

“மேனேஜர் சார் கூப்பிட்டு விட்டீங்களாமே! அதுவும் விலாங்குச் சோறு!”

இகுஷிமா ஃபூசேயின் பக்கம் திரும்பினார். கெட்டதைச் சொல்வதற்கு முன் நல்லதைப் போடலாம் என்று, “இவனுக்கு ஒசத்தி ரகம் கொடு,” என்றார்.

மொகாமி கண் கலங்கிவிட்டான். “புரியுது சார்.”

“என்ன புரியுது?”

“இந்த வெயில்ல விலாங்கு வாங்கித் தர்றீங்கன்னா, ‘நல்லா தெம்பா ஆடுடா, உன்னை நம்பித்தான் இருக்கேன்’னுதானே அர்த்தம்? என் பேரு அடிபடுதுன்னு டீமுல சொன்னாங்க. நான் நம்பல. நீங்க என்னைக் கைவிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.”

ஃபூசே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. விலாங்குக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இகுஷிமாவுக்கு மட்டும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

“மொகாமி, நாளையிலேருந்து...”

“சொல்லுங்க சார்!”

“...நல்லா மென்னு சாப்பிடு,” என்றார் இகுஷிமா.

வீட்டுக்கு வந்து மனைவி மிட்சுயோவிடம் பொறுப்பைத் தள்ளினார். “நீ அவன் பெண்டாட்டி ரெய்க்கோகிட்ட போன்ல பக்குவமா சொல்லிடு. அவ அவன்கிட்ட சொல்லிக்கட்டும்.”

“நல்ல ஆம்பளை நீங்க,” என்று முணுமுணுத்தபடி மிட்சுயோ போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது.

“சொல்லிட்டியா?”

“‘உங்க வீட்டுக்காரர் ரொம்ப உழைச்சிட்டாரு’ன்னு ஆரம்பிச்சேன். ‘எல்லாம் மேனேஜர் சார் தயவு’ன்னு அவ அழ ஆரம்பிச்சுட்டா. ‘சீக்கிரம் அவருக்கு ஒரு மாற்றம் வரும்’னேன்.”

“அதுக்கு?”

“‘கேப்டனாக்கப் போறாங்களா?’ன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்னங்க சொல்றது? ‘எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா’ன்னேன். அவ சிரிச்சா.”

பொழுது சாய்வதற்குள் வாசலில் ரெய்க்கோ நின்றாள். கையில் அரக்குப் பெட்டி. பெட்டி நிறையச் சிவப்புப் பயறு போட்ட சோறு. கல்யாணம், பிள்ளைப்பேறு என்றால் ஆக்கும் சோறு. “ஊருக்குச் சொல்ற வரைக்கும் நாங்க வாயைத் திறக்க மாட்டோம்,” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள்.

புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சோற்றை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள். ருசியாகத்தான் இருந்தது. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“காலையில நானே போய்ப் பெட்டியைக் கொடுத்துட்டு வாசல்லயே சொல்லிடறேன்,” என்றார் இகுஷிமா.

“வெறும் பெட்டியையா கொடுப்பீங்க? மானம் போயிடும்.”

பெட்டி சோற்றோடு வந்தால் ஏதாவது ஒன்றோடு திரும்ப வேண்டும். காலையில் கடைகள் திறந்திருக்கவில்லை. மிட்சுயோ வீட்டைக் குடைந்து எதையோ உள்ளே வைத்து, துணியில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். இகுஷிமா அதைச் சுமந்துகொண்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் உருப்போட்டபடி நடந்தார்.

மொகாமியின் வீட்டு வாசலில் கணவனும் மனைவியும் சேர்ந்தே நின்று வணங்கினார்கள். ரெய்க்கோ முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பந்து. அழுக்கேறிய, தையல் பிரிந்த பந்து. இகுஷிமா கடைசியாக மைதானத்தைத் தாண்டி அடித்த ஹோம் ரன்னின் பந்து. இத்தனை நாள் அவர் வீட்டு அலமாரியில் கண்ணாடிக்குள் இருந்தது.

இகுஷிமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“சார்...” மொகாமி வாசலிலேயே மண்டி போட்டுவிட்டான். “உங்க இடத்தை என்கிட்ட ஒப்படைக்கறீங்களா? நான் செத்தாலும் இதைக் காப்பாத்துவேன்.”

பந்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய், வீட்டுப் பூஜை மாடத்தில் செத்துப்போன அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்து மணி அடித்தான். இகுஷிமாவும் கும்பிட வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறவனிடமே சொல்ல முடியவில்லை, இனி அவன் அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தெருமுனையிலிருந்து மிட்சுயோவுக்குப் போன் செய்தார். “உனக்குப் பைத்தியமா? போயும் போயும் அந்தப் பந்தையா வைப்பே?”

“கெட்ட சேதியோட போறீங்க,” என்றாள் மிட்சுயோ. “கூடவே நம்ம வீட்ல இருக்கறதிலேயே நல்லது ஒண்ணு போகட்டும்னு தோணிச்சு.”

இகுஷிமா அவளை மேற்கொண்டு திட்டவில்லை. அவருக்கும் அந்தப் பந்து அங்கே இருப்பதில் வருத்தம் இல்லை.

மைதானத்தில் சேர்மனின் ஆள் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். “நான் சொல்லிடட்டுமா சார்?” என்று கேட்டான். காய்கறி விலை சொல்கிறவன் முகம் அவனுக்கு.

“நீ அவன் பக்கத்துல போனா காலை உடைப்பேன்,” என்று கத்திவிட்டு இகுஷிமா மொகாமியைத் தேடி ஓடினார். உடை மாற்றும் அறையில் இல்லை. ஆடுகளத்தில் இல்லை. மற்றவர்கள் பயிற்சி முடித்துப் போன பிறகும் தனியாக மட்டை சுழற்றிவிட்டு, குளியலறையில் இருந்தான்.

இகுஷிமா கதவைத் திறந்தார். மொகாமி குட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தலை நிறையச் சோப்பு நுரை.

“மேனேஜர் சாரா? இன்னிக்குப் பாருங்க சார், அந்தப் பந்துக்காகவே ரெண்டு ஹோம் ரன்!”

விலாங்கிடம் சொன்னது, வழியில் உருப்போட்டது, வயசு அப்படி, தப்பா எடுத்துக்காதே, எல்லாம் ஆவியோடு ஆவியாகப் போய்விட்டது. இன்னும் ஒரு நொடி நின்றால் அழுதுவிடுவார்.

“மொகாமி. நாளையிலேருந்து மட்டை தூக்கிட்டு வராதே.”

கதவை மூடினார். மூடிய கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தான் சொன்னது யாருடைய வார்த்தை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஃபூசேயின் கடை அடைத்திருந்தது. தட்டியதும் திறந்தாள். அவர் மூலை நாற்காலியில் போய் விழுந்தார். அவர் கேட்காமலே அவள் ஒரு விலாங்கைச் சுட்டுக்கொண்டு வந்து வைத்தாள். சாயங்கால ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

“சொல்லிட்டேன்,” என்றார். “வாசல்ல நின்னு நாய்கிட்ட சொல்ற மாதிரி சொல்லிட்டேன். அவன் கண்ணுல சோப்பு, ஃபூசே. அந்த ஆளு எனக்குச் செஞ்சதையே எழுத்து மாறாம அவனுக்குச் செஞ்சுட்டேன். இனி அவன் சாகற வரைக்கும் என்னை வெறுப்பான்.”

பெட்டியின் மேல் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர் விழுந்தது. அத்தனை பெரிய முதுகு சின்னப் பிள்ளை போலக் குலுங்கியது.

ஃபூசே கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். “இனிமே நீங்க என் கடைக்கு வராட்டியும் பரவாயில்ல, நான் சொல்லிடறேன். உங்களை நிறுத்தறதுக்கு முன்னால, இதே நாற்காலியில ஒரு வாரம் நாள் தவறாம உட்கார்ந்து, விலாங்குகிட்ட ‘இகுஷிமா, இகுஷிமா’ன்னு பேசிப் பேசி அழுதாரு குவபாரா ஐயா. கடைசி நாள் முகத்தைக் கழுவிட்டு எழுந்தாரு. ‘பக்குவமா சொன்னா அந்தப் பய தன்னையே நொந்துக்குவான் ஃபூசே, மொரட்டுத்தனமா சொல்லிடறேன், காலம் பூரா என்னைத் திட்டிக்கிட்டு அவனாவது நிம்மதியா இருக்கட்டும்’னு சொல்லிட்டுத்தான் மைதானத்துக் குளியலறைக்குப் போனாரு.”