மணப்பெண் முகத்தில் மோர் வாசம்

எனக்குத் தெலுங்கு தெரியும் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தது நான் ஒருத்திதான். வேறு யாரும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான்தான் விட்டேன் என்பது வீட்டில் சொல்லும் கதை). ஆனால் ஓசூரில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கன்னடம் சந்தையிலும் தெலுங்கு சம்பந்தி வீட்டிலும் தானாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய தெலுங்குதான் என் மானத்தை வாங்கியது.

மருமகள் லாவண்யா வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குப் பெண். வாரம் முழுக்கக் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மேக்கப் வகுப்பு. முதன்முதலாக ஒரு மணப்பெண் கிடைத்திருந்தாள். அது நல்லபடி முடிந்தால் கம்பெனியை விட்டுவிடுவதாக இருந்தாள். அதற்காகப் பெங்களூரு போய், ஒவ்வொரு பிரஷ்ஷாகக் கன்னத்தில் தடவிப் பார்த்து, குத்தாததாகப் பொறுக்கி வாங்கிவந்தாள். கன்னத்துக்கு அகலமானது, கண் இமைக்கு விரல் நுனியளவு. எல்லாம் ஆட்டு முடி என்றாள். எங்கள் ஆட்டுக்கு அப்படியொரு முடி இருந்து நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை, ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். பிரஷ்களைக் கழுவ மறந்துவிட்டாளாம். அவசரம் என்றால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

"சல்ல நீள்ளல்லோ கடகண்டி அத்தா."

சம்பந்தி வீட்டில் சல்ல என்றால் மோர். நீர்மோரில் கழுவச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். சந்தேகமே வரவில்லை. தலைக்கு மோர் தேய்த்தால் முடி பட்டாக இருக்கும், ஆட்டு முடி மட்டும் என்ன பாவம் செய்தது? நன்றாகப் புளித்ததாகப் பார்த்து (பழசுதான் நல்லது என்று என் அறிவு சொன்னது) ஊறவைத்து, வெயிலில் காயவைத்தேன். மோந்து பார்த்தேன். வாடை அடித்தது. பவுடரைத் தாராளமாகத் தூவி, பையில் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் மண்டபத்தில், பை தூக்கும் உரிமையோடு நானும் மணப்பெண் அறையில் நின்றேன். ஈரக் க்ரீம் பட்டதும் பிரஷ்ஷில் மோர் உயிர்பெற்றது. பெண் மூக்கைச் சுளித்தாள். அவள் அம்மா அறையெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"கீழ பந்தியில மோர்ப் பானை கவுந்திருக்கும்" என்றேன். கூசாமல் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் உறுத்துகிறது.

அந்தம்மா கீழே போய்ச் சமையல்காரரைக் கிழித்துவிட்டாள். அவர் பானையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"மோந்து பாருங்கம்மா. இது விடிகாலை கடஞ்சது. அந்தப் புள்ள மூஞ்சியில இருக்கிறது நாலு நாள் மோரு."

லாவண்யா பிரஷ்ஷை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எதுல கழுவுனீங்க அத்தே?"

"நீதானம்மா சல்லன்னு சொன்ன."

"சில்லுனு இருக்கிற தண்ணின்னு சொன்னேன் அத்தே. சுடுதண்ணி ஊத்துனா பசை வுட்டு முடி கழண்டுக்கும்."

பெண்ணின் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகூர்த்தத்துக்குள் வெறும் விரலாலேயே மேக்கப்பை முடித்தாள். பெண் மேடையில் நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் அம்மா வாய் சும்மா இருக்கவில்லை. பல மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. லாவண்யா தினமும் கம்பெனி பஸ் ஏறினாள். நான் அந்த நேரமாகப் பார்த்து அடுப்படிக்குள் போய்விடுவேன்.

கடைசியில் காப்பாற்றியவர், நான் பழிபோட்ட அதே சமையல்காரர். போகிற கல்யாணமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். விரலாலேயே பெண்ணை ஜோடித்த கெட்டிக்காரி யார் என்று கேட்டு, போன் வர ஆரம்பித்தது. இப்போது லாவண்யா கம்பெனிக்குப் போவதில்லை.

கூப்பிடுகிறவர்கள் தேதி சொல்வதற்கு முன்பே கேட்பது ஒன்றுதான், பிரஷ்ஷை எதில் கழுவுகிறீர்கள் என்று. உடனே லாவண்யா போனை என் கையில் கொடுத்துவிடுவாள். வீடே வேலையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்கும்.

"பச்சத் தண்ணிதாம்மா" என்பேன், தமிழில்.