புகையில்லாத ஒரு வாரம்

"சுப்புராஜ், மேல பாரு," என்றார் முதலாளி சிகாபுதீன்.

சுப்புராஜ் பார்த்தார். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்கு மேலே, அவர் தினமும் தீ மூட்டும் பாய்லரின் புகைபோக்கியிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழுந்து, அவசரமே இல்லாமல் காயல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

"திங்கக்கிழமை அந்த மேடம் வரும்போதும் இது இப்படித்தான் போகுமா?"

"விறகு ஈரம், மொதலாளி."

"ஈரமோ, காய்ஞ்சதோ. கணக்கு கூடினா ஜெர்மனிக்காரன் ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா பாய்லர் எதுக்கு? பாய்லர் இல்லேன்னா நீ எதுக்கு?"

அந்தக் கம்பெனி சுக்கிலிருந்து எண்ணெய் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. 2007-இல் வாங்குகிறவர்கள் புதிதாக ஒன்று கேட்டார்கள்: பூமியைச் சூடாக்கும் வாயுவை வருஷத்துக்கு நீங்கள் எவ்வளவு விடுகிறீர்கள்? பழைய பில்கள் எல்லாம் மழைத் தண்ணீரில் கூழாகியிருந்தன. ஆகவே எர்ணாகுளத்திலிருந்து சுமா என்ற இன்ஜினீயர் வந்து, ஒரு வாரம் எரிபொருளை அளந்து, அதை வைத்து வருஷக் கணக்குப் போடுவதென்று ஏற்பாடு.

சுப்புராஜுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தீ மூட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. கவலை வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அன்று இரவு அவர் மனைவி கமலாக்ஷி சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டியதும் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"இதையும் அளப்பாங்களோ?"

"உங்க மூஞ்சியை அளந்தாப் போதும். அங்கதான் சாயங்காலத்திலேர்ந்து புகையுது," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு வழி தோன்றியது. விறகு முழுக்க நனைந்துபோகும் மழைக்காலத்துக்கென்று பழைய டீசல் பாய்லர் ஒன்று பின்கட்டில் கிடந்தது. டீசல் எரிந்தால் புகையே தெரியாது. முதலாளியும் சரி என்றார். விறகு பாய்லரை அணைத்தார். விறகை எல்லாம் காலி டிரம்களுக்குப் பின்னால் மறைத்தார்.

திங்கட்கிழமை சுமா வந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய பை.

"சேட்டா, எப்பவும் டீசல்தானா?"

"எப்பவும் டீசல்தான்," என்று முந்திக்கொண்டார் முதலாளி.

சுமா டீசல் டாங்கியில் ஒரு அளவுகோலை விட்டு, எழுதிக்கொண்டாள். சுப்புராஜ் வானத்தைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது.

டீசல் பாய்லரின் மோட்டாருக்குக் கரண்ட் அதிகம் வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் ஃப்யூஸ் போயிற்று. எண்ணெய் எடுப்பது பாதியில் நின்றால் சரக்கு கெட்டுவிடும். சுப்புராஜ் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். அதுவும் டீசல் குடித்தது. சுமா அங்கேயும் அளவுகோலோடு வந்து நின்றாள்.

அப்போது போன் அடித்தது. லாரி டிரைவர் சிஜு.

"அண்ணே, விறகு லோடு கொண்டாந்திருக்கேன். கேட்டைத் திற."

விறகை நிறுத்தச் சொல்ல மறந்துபோனது அப்போதுதான் சுப்புராஜுக்கு உறைத்தது.

"உள்ள வராதே. தார்ப்பாய் போட்டு மூடிட்டு எங்கயாவது நில்லு."

"இந்த ரோட்டுல எங்க நிக்கறது? ஆட்டோக்காரன் அம்மையைச் சொல்லித் திட்டறான். வண்டியை ஆஃப் பண்ணினா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். நீ வந்து தள்ளுவியா?"

"அப்ப சுத்திக்கிட்டே இரு."

சிஜு சுற்றினான். தோப்பும்படி போனான், பாலம் ஏறி வெலிங்டன் தீவு போனான், திரும்பி வந்தான். சாயா குடிக்க வாசலுக்கு வந்த சுமா, கம்பெனிப் பெயர் எழுதிய அதே லாரி மறுபடியும் போவதைப் பார்த்தாள்.

"சேட்டா, அது நம்ம வண்டியல்லே? எங்க போகுது?"

"வருது மேடம்."

"போயிட்டிருக்கே?"

"போயிட்டு வருது."

"என்ன லோடு?"

"இஞ்சி."

அவள் பேனாவைத் திறந்தாள். சுப்புராஜ் சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

சொன்னால் கேட்கும் ஆள் இல்லை விறகுக் கான்ட்ராக்டர். மரம் அறுத்தாயிற்று, லோடைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்றான். சிஜு வாரம் முழுக்கச் சுற்றினான்.

சனிக்கிழமை மாலை, ஆபீஸ் அறையில் சுமா கணக்கைச் சொன்னாள். முதலாளியின் கை கண்ணாடியைக் கழற்றியது, மாட்டியது, மறுபடியும் கழற்றியது.

"இவ்வளவா?"

"பாய்லர் டீசல், ஜெனரேட்டர் டீசல், லாரி டீசல். இந்த சைஸ் கம்பெனியில இவ்வளவு நான் பார்த்ததே இல்ல."

சுப்புராஜ் கதவோரத்திலிருந்து கேட்டார். "மேடம், சும்மா ஒரு சம்சயம். இதே நீராவியை விறகுல எடுத்தா, புகையெல்லாம் சேர்ந்து, இன்னும் கூடியிருக்குமே?"

"இல்ல சேட்டா. புகை கண்ணுக்குத் தெரியும். நான் கணக்கு பண்றது கண்ணுக்குத் தெரியாத வாயு. இங்க கிடைக்கறது ரப்பர் மர விறகுதானே? வெட்டின தோட்டத்துல திரும்ப நடுறாங்க. எரியும்போ விடுறதை அடுத்த மரம் வளரும்போ எடுத்துக்கும். அதனால இந்தக் கணக்குல பாய்லருக்கு ஏறக்குறைய ஒண்ணுமே வராது."

முதலாளி எழுந்து, சுப்புராஜின் தோளில் கைபோட்டு, அன்பாக அழைத்துப் போவதுபோல் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஒண்ணுமே வராததை மறைச்சு வெச்சு, என் காசுல டீசல் எரிச்சிருக்கே."

"மொதலாளி, நான் புகைக்குப் பயந்து..."

"பேசாதே. திங்கக்கிழமை வரவேண்டாம். ஒரேயடியா வரவேண்டாம்."

சுப்புராஜ் பாய்லர் சாவியை மடியிலிருந்து எடுத்தார். நீட்டும்போது அது தரையில் விழுந்தது. பையோடு வெளியே வந்த சுமா குனிந்து அதை எடுத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"சேட்டன் கேட்டது நல்ல ஐடியா, மொதலாளி. அடுத்த வருஷம் விறகுக்கு மாறுங்க. இந்த வருஷக் கணக்கிலேர்ந்து எவ்வளவு குறைச்சீங்கன்னுதான் ஜெர்மனிக்காரன் பார்ப்பான், அதனால இப்ப எவ்வளவுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவும் உங்களுக்கு லாபம்."