கோணல் வாய் ஜாடி

“கேட்டலாக்ல என் பேரும் வரணும் சார்.”

கேட்டே விட்டாள். அந்தப் பழம்பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பொட்டலம் கட்டும் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: சம்பளம் கேள், லீவு கேள், மின்விசிறிகூடக் கேள், பேரை மட்டும் கேட்காதே. கடை திறந்த நாளிலிருந்து இருப்பவர், காரணம் இல்லாமல் சொல்ல மாட்டார். ஏலப் பட்டியலின் அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை முதலாளியின் பெயர் ஒன்றுதான்.

ஆனால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. இன்னொருத்தர் பெயரில் எழுதிக் கொடுக்கவா பட்டம் வாங்கினாள்?

முதலாளி கத்தவில்லை. அதுவே அதிசயம். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு நீலக் கண்ணாடிப் பூஜாடியை இறக்கி மேஜையில் வைத்தார். கையெழுத்து கிடையாது, முத்திரை கிடையாது. செய்தவர் யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடித்தால் அவள் பெயர் வரும் என்றார். பேச்சு முடிந்தது என்பதுபோல் இடது கையால் பேனாவை மூடினார்.

ஜாடியை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அடியில், கண்ணாடியை ஊதிச் செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியிலிருந்து ஒடித்தெடுத்த வடு அப்படியே இருந்தது. அதைத் தேய்த்து மழுக்கக்கூடச் செய்தவருக்குப் பொறுமை இல்லை. அடி செங்கல் கனம். வாய் ஒருபக்கம் கோணல். சுற்றியிருந்த வெள்ளை இழை, மற்ற ஜாடிகளில் ஓடும் திசைக்கு நேர் எதிராக ஓடியது.

“இடக்கைக்காரர் சார். கத்துக்குட்டி. மூச்சும் பத்தல.”

“நல்லாப் பாரு.”

நன்றாகப் பார்த்தாள். இன்னும் இரண்டு குறை கிடைத்தது. அன்று முதலாளி மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

சின்னப் பெண் சொன்னால் ஏறாது, பெரிய மனிதர் சொல்லட்டும் என்று ஜாடியின் படங்களைக் கலை வரலாற்றுப் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினாள். அவரும் கத்துக்குட்டி என்பார், கதை முடியும். பேராசிரியர் நாலு பக்கம் எழுதியிருந்தார். மறைந்த மேதை ஒருவரின் பெயரைச் சொல்லி, இது அவர் கைதான் என்று சத்தியம் பண்ணாத குறை. கோணல் பிழையன்று, உலகத்தின் ஒழுங்குக்கு அவர் விடுத்த சவால்.

முதலாளி கடிதத்தோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. எல்லோருக்கும் காபி வந்தது. அதுவரை அந்தக் கடையில் யாருக்கும் எதுவும் வந்ததில்லை. அக்கா காபியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை பட்டியல் அச்சாகி வந்தது. அட்டையில் ஜாடி. கீழே மேதையின் பெயர். அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், ‘ஆய்ந்து உறுதிசெய்தவர்’ என்று அவள் பெயர்.

முதன்முதலாக அச்சேறிய பெயர், ஒரு பொய்யின் காலடியில்.

“என் பேர எடுத்துருங்க சார்.”

“போடுன்னதும் நீ, எடுன்னதும் நீ. ஐந்நூறு காப்பி போயாச்சும்மா.”

மதியம், கண்ணாடிப் பொருள் சேர்க்கும் பல் மருத்துவர் ஒருவர் பட்டியலும் கையுமாக வந்து நின்றார். சொன்ன விலை தருகிறேன் என்றார். ஜாடி விற்பனைக்கு இல்லை என்றார் முதலாளி. பின்னே அட்டையில் எதற்குப் போட்டாராம்? சும்மா, நாலு பேர் பார்க்கட்டுமே என்று.

இதற்குமேல் அவளால் முடியவில்லை. ஜாடியைத் தூக்கிக் கவிழ்த்து, வடு, கனம், இழை என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மருத்துவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார்.

“நாப்பது வருஷமா வாயத்தான் பாக்கறேன். இது சவாலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தானாக் கோணினது.” குலுங்கிச் சிரித்தார். “என்கிட்ட முந்நூறு உருப்படி இருக்கும்மா. பாத்து எழுதறியா? உன் பேர்லயே புஸ்தகம் போடுவோம். திட்டி எழுதினாலும் சரி.”

முதலாளி அவளை ஓரமாகக் கூப்பிட்டார். குரல் அவருடையதாகவே இல்லை.

“மேதைன்னு ஒரு தடவ சொல்லிடு. இனிமே எல்லா கேட்டலாக்லயும் உன் பேரு.”

அவள் ஒரு துண்டுச் சீட்டை எடுத்தாள். ‘செய்தவர்: இடக்கைக்காரர், கற்றுக்குட்டி, பொறுமை கிடையாது. பட்டறையில் மூன்று மாதம் தாங்கியிருந்தால் அதிகம்.’ கீழே தன் முழுப்பெயர், அப்பா பெயர், வாங்கிய பட்டம். நூல் கோத்து ஜாடியின் கழுத்தில் மாட்டினாள். மருத்துவரிடம், திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

படியிறங்கும்போது சிரிப்புச் சிரிப்பாக வந்தது. சீட்டைப் படித்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்த அக்கா, வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“மூணு இல்ல பாப்பா, அஞ்சு மாசம். ஜாடியில தன் பேரப் போடணும்னு கேட்டாரு, பட்டறையிலேருந்து தொரத்திட்டாங்க. அதுக்கப்புறந்தான் சார் இந்தக் கடைய வச்சாரு.”