ரெண்டும் சமம்

அந்த வாரம் நான் வேண்டிக்கொண்ட அளவுக்கு என் பிரசவத்தின்போதுகூட வேண்டிக்கொண்டதில்லை.

என் மகள் குழந்தை வளர்ச்சி உளவியலில் எம்.ஏ. இரண்டாம் வருஷம். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குப் புரியும்படி அவளே சொல்லியிருந்தாள்:

"ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல தண்ணி ஊத்தணும்மா. ரெண்டும் சமம்னு குழந்தை ஒத்துக்கணும். அப்புறம் அது கண்ணு முன்னாடியே ஒண்ணை ஒல்லியான, உயரமான டம்ளருக்கு மாத்திட்டு, இப்ப எதுல அதிகம்னு கேட்கணும். நாலு வயசுக் குழந்தைங்க பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும்."

"தப்பாச் சொல்லிடுச்சுன்னா?"

"தப்பே கிடையாதும்மா. அது மனசுல என்ன தோணுதோ, அதுதான் எனக்கு வேணும்."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய காலேஜ் மேடம் வீட்டுக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. முதலில் பிடித்த குழந்தை டம்ளரைக் கண்டதும் அழுதது. இரண்டாவது, தண்ணீரைக் குடித்துவிட்டது. மிச்சம் இருந்தது மாடி வீட்டு நர்ஸம்மாவின் மகள். நாலு வயசு. பட்டாணி என்று கூப்பிடுவோம். அம்மா வேலைக்குப் போனால் எங்கள் வீட்டில்தான் இருப்பாள். அவளும் கைவிட்டால் மகளுக்கு ஒரு வருஷம் போச்சு.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தின கை. காபியைக்கூடக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அளவு பார்த்துத்தான் குடிப்பார்.

வியாழக்கிழமை சமையலறைக்குள் நுழைகிறேன், மேடைமேல் பட்டாணி உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் என் டம்ளர்கள் அத்தனையும். இவர் முழங்கை வரை நனைந்து நிற்கிறார்.

"எதுல அதிகம்?"

"ரெண்டும் சமம்!"

"சபாஷ்!" சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய் அவள் வாய்க்குள் போனது.

"என்னங்க இது?"

"உஷ்! மேடம் முன்னாடி இவ தப்பாச் சொன்னா மார்க் யாருக்குக் குறையும்? நம்ம பொண்ணுக்குத்தானே?"

"தப்பே கிடையாதுன்னு அவ சொன்னாளே!"

"அளவுல எப்படித் தப்பு இல்லாமப் போகும்? என் வீட்டுக் கூடத்துல உக்காந்து ஒரு பிள்ளை தப்பா அளக்கறதா? நீ சும்மா இரு. உனக்குத் தெரிஞ்ச அளவு ஒரு சிட்டிகை உப்பு."

"அந்தச் சிட்டிகை உங்க முத்திரை இல்லாமதான் இத்தனை வருஷம் சரியா இருக்கு."

வாயாடிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மகளிடம் சொன்னால் இன்றே இடிந்து போவாள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை இடிந்து போவாள். கடவுளே, வாயைத் திறக்கட்டுமா, மூடட்டுமா என்று கண்ணை மூடி நின்றேன். திறந்தால் எதிரே மகள்! சொல்லிவிட்டேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "போச்சும்மா. இனிமே அவ சொல்றது அவ பதிலே இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டு மேடத்தோடு அரைமணி நேரம் போனில் பேசினாள். வெளியே வந்தபோது கையில் ஒரு தாள். "அப்பாகிட்ட கையெழுத்து வாங்கும்மா. படிச்சுட்டுப் போடச் சொல்லு."

ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரிடம் நீட்டினேன்.

"படிச்சுப் பாருங்க. கண்ணாடி கொண்டுவரட்டுமா?"

"பிள்ளையை வச்சு ஆராய்ச்சி பண்ண அனுமதி கேட்டிருப்பாங்க. இதுல படிக்க என்ன இருக்கு? குடு இங்கே, தண்ணி வழியுது!"

சோதிக்காமல் ஒரு எடைக்கல்லுக்குக்கூட முத்திரை குத்தாத மனிதர், ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை. மேடம் வந்து உட்கார்ந்தார். மகள் தண்ணீரை ஊற்றினாள், உயரமான டம்ளருக்கு மாற்றினாள். நான் சமையலறை வாசலில் கைகூப்பி நின்றேன்.

"எதுல அதிகம் பட்டாணி?"

பட்டாணி டம்ளரைப் பார்க்கவே இல்லை. இவரைப் பார்த்தாள். "ரெண்டும் சமம்!"

இவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

மகள் ஒரு டம்ளரை நிறைத்தாள். இன்னொன்றைக் காலியாகவே வைத்தாள். "இப்போ?"

"ரெண்டும் சமம்!"

மீசையில் கை நின்றுவிட்டது.

"தாத்தாவும் நீயும் நின்னா, யாரு உயரம்?"

"ரெண்டும் சமம்!" கையை நீட்டிக்கொண்டு இவரிடம் ஓடிவந்தாள். "தாத்தா, மூணு மிட்டாய்!"

"அடக் கண்ணே, அது காலி டம்ளர்! நல்லாப் பாரு!" இவருக்கு வேர்த்துக் கொட்டியது. குனிந்த தலை நிமிராமல் மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் போயேபோச்சு.

மேடம் எழுந்தார். "அருமையா வந்திருக்கு. இதையே எழுது, அடுத்த மாசம் ஒப்படைச்சிடலாம்."

அவர் போனதும் இவருக்கு உயிர் வந்தது. "பாத்தியா? பட்டாணி பாஸ்!"

"இன்னிக்கு அவளுக்குப் பரீட்சையே இல்லப்பா," என்று மகள் அந்தத் தாளை எடுத்துத் தமிழில் வாசித்தாள். "தலைப்பு: பிள்ளையின் பதிலைப் பெரியவர்கள் திருத்தும் விதம். ஆய்வுக்கு உட்படுபவர்: ஆண். வயது அறுபத்திரண்டு. கீழே உங்க கையெழுத்து."

இவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரட்டுமா என்று கேட்டவளை என்ன சொல்ல முடியும்? பட்டாணியிடம் திரும்பினார்.

"நீயாவது சொல்லும்மா. தாத்தாவுக்குப் புத்தி அதிகமா, உனக்கு அதிகமா?"

பட்டாணி அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். காலி. அந்த வாரத்தில் முதல்முறையாக, கேட்டவரை மேலும் கீழும் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு."