ஒரிதோ ஏழு முறை வாயைத் திறந்தான்

ஹிமி நகரம்,
தொயாமா மாவட்டம்.
ஜூன் 19

'இளந்தளிர்' படக்கதை மாத இதழின் மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்ட இந்நாளில், காகிதக் கட்டுகள் நமத்துப்போகாமல் தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் உடல்நலத்தோடு பணியாற்றி வருவீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் வீட்டு வாசலில் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூத்திருக்கிறது. முன்பின் அறியாதவன் இப்படி எழுதுவது முறைதானா என்று மூன்று நாட்கள் யோசித்தேன். இது நான்காவது பிரதி. முதல் மூன்றில் மன்னிப்பு போதிய அளவில் இல்லை.

என் பெயர் உராகாமி கெய்சோ. வயது எழுபத்தாறு. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தாங்கள் வெளியிடும் 'கடைசி வரிசை ஜன்னலோரம்' தொடர் இன்னும் இரண்டு இதழ்களில் முடிந்துவிடும் என்று இந்த மாதம் அறிவித்திருக்கிறீர்கள். அதை நிறுத்தியவன் நான்தான் என்று அஞ்சுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சென்ற அக்டோபரில் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தங்கள் இதழ் திறந்தபடி கிடந்தது. அந்தப் பக்கத்தில் சீருடை அணிந்த இரண்டு மாணவர்கள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பலகையில் ஒரு சமன்பாடு. இப்படிப்பட்ட படங்களில் சமன்பாடு எப்போதும் தவறாகவே இருக்கும் என்பதால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சரிபார்த்தேன். சரியாக இருந்தது! ஓவியர் மேல் மதிப்பு வந்தது. பிறகுதான் சமன்பாட்டுக்கு முன்னால் நடப்பதைக் கவனித்தேன். உயரமான பையன் குள்ளமான பையனின் தலைமுடியில் படிந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிடக் கையைத் தூக்கி, தட்டாமலே அப்படியே நிற்கிறான். அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தட்டினானா இல்லையான்னு தெரியாமலே என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டாங்க. வீட்டுக்குப் போகும் வழியில், கன்னத்தில் பஞ்சோடு, அந்த இதழை வாங்கினேன்.

அன்று முதல் ஓர் இதழ் விடாமல் படிக்கிறேன். உயரமானவன் ஒரிதோ, வாலிபால் ஆடுகிறவன். குள்ளமானவன் ஹினாட்சு, நூலகப் பொறுப்பில் இருக்கிறவன். வகுப்பில் அன்றாட வேலைகளைச் செய்யும் முறை இருவருக்கும் சேர்ந்தே வரும். ஒரிதோவுக்கு ஹினாட்சுவிடம் ஏதோ சொல்ல வேண்டும், அவனால் முடியவில்லை. நான் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். இதுவரை ஏழு முறை அவன் வாயைத் திறந்திருக்கிறான். இருமுறை மணி அடித்தது. ஒருமுறை பயிற்சியாளரின் விசில். ஒருமுறை ஜன்னல் வழியாகப் பூனை. ஒருமுறை ஹினாட்சு தும்மினான். ஒருமுறை யாரும் குறுக்கே வரவில்லை, இவனே பயந்துபோய் "பென்சில் இருக்கா?" என்று கேட்டுவிட்டான். ஏழாவது முறை, மாலை ஐந்தரை மணிக்கு, சாவிக்கொத்தோடு கதவைத் திறந்த கிழட்டு வேதியியல் ஆசிரியர், "எவன்டா அது இன்னும் வீட்டுக்குப் போகாம?" என்றார்.

அந்தக் கட்டத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் ஐயா. முப்பத்தெட்டு ஆண்டுகள் அதே ஐந்தரை மணிக்கு, அதே வார்த்தைகளைச் சொல்லி, நானும் கதவுகளைத் திறந்திருக்கிறேன். எத்தனை பேர் வாயை மூட வைத்தேனோ, அதற்குக் கணக்கு என்னிடம் இல்லை. என்ன சொல்ல வந்தார்கள் என்றும் இனித் தெரியப்போவதில்லை. அதனால் இந்த ஒரு பையன் சொல்வதையாவது கேட்டுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் வினையாயிற்று.

"வாசகர்கள் அனுப்பும் மதிப்பீட்டு அஞ்சலட்டை சரியாக வராவிட்டால் தொடரை நிறுத்திவிடுவார்கள்" என்று என் மனைவி ஃபுசாயே சொன்னாள். அவளும் என் பிரதியைத்தான் படிக்கிறாள், என்னைவிட வேகமாக. எனக்குக் கலக்கம் பிடித்துக்கொண்டது. காலையில் பூங்காவில் வானொலி கேட்டபடி உடற்பயிற்சி செய்யும் எங்கள் குழுவிடம் பேசினேன். என்னோடும் மனைவியோடும் சேர்த்து ஒன்பது பேர், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். மீன் ஏலக்கூடத்தில் ஏலம் போட்டு ஓய்வு பெற்ற நெசு உடனே ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் வாத்தியாரே, ரெண்டு பசங்க காதலிக்கிறதுக்கு உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?"

"காதல்னு அவன் இன்னும் சொல்லலையே. சொல்லாததை நாமளா எப்படி முடிவு பண்றது?"

"அந்தப் பையன் முழிக்கிற முழியிலேயே தெரியுதே, ஏலத்துல மாட்டின மீனு மாதிரி!"

இப்படிக் கிண்டல் செய்தாலும் அவரும் படிக்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே, கழுத்தில் துண்டோடு நாங்கள் வரிசையில் நின்று இதழ் வாங்குவதைப் பார்த்து கடைக்காரப் பெண் திகைத்துப் போனாள். இதழோடு வரும் அட்டையில் ஒவ்வொரு தொடருக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும். நான் எல்லோருக்கும் ஒரு துண்டறிக்கை தயாரித்துக் கொடுத்தேன்: 'தவறாமல் ஐந்து போடவும்.' பள்ளி மதிப்பெண் அட்டையில் ஐந்து என்றால் மிகச் சிறப்பு, ஒன்று என்றால் பெற்றோரை அழைத்து வா. இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்வார்கள்? குழுவில் ஹமாமுரா அம்மா மட்டும், "ஒரிதோ வாயில சோத்தை வெச்சுக்கிட்டுப் பேசறான், நாலுதான் போடுவேன்" என்று பிடிவாதம் பிடித்தார். அரை மணி நேரம் வாதாடி அவரையும் ஐந்துக்கு ஏற்றினேன்.

நான்கு மாதங்கள், முப்பத்தாறு அட்டைகள். போன ஞாயிற்றுக்கிழமை தொடர் முடியும் என்ற அறிவிப்பைப் பார்த்து நான் பூங்காவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தபோது, நெசு அட்டையைக் கண்ணுக்கருகில் வைத்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாரே, அடியில பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கான், படிச்சீங்களா?"

"என்ன?"

"ஒண்ணுன்னா ரொம்பப் பிடிச்சிருக்கு. அஞ்சுன்னா பிடிக்கவே இல்ல."

அட்டை ஒன்பது பேர் கையிலும் சுற்றி வந்தது. கடைசியாக வாங்கிப் பார்த்த ஹமாமுரா அம்மாதான், "நான் நாலே போட்டிருப்பேன்" என்றார்.

கேள்வியை முழுசா படிச்சிட்டு விடை எழுதுங்கடான்னு ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் திட்டின வாயி ஐயா இது! இப்ப யார் முகத்துல முழிப்பேன்? தங்களிடம் நான் பணிந்து கேட்பது இதுதான். ஹிமி அஞ்சல் முத்திரையோடு, நடுங்கும் கையெழுத்தில் வந்த ஐந்துகளையெல்லாம் 'ஒன்று' என்று கொள்ளுங்கள். அது விதிக்குப் புறம்பு என்றால், முடிவதற்குள் ஒரே ஒருமுறை, மணியும் பூனையும் என்னைப் போன்ற கிழவரும் குறுக்கே வராமல், ஒரிதோ சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டால் போதும்.

தங்கள் இதழ் பல்லாண்டு வளரவும், ஓவியரின் கைவிரல்கள் வலியின்றி இருக்கவும் வேண்டி, தலைதாழ்த்தி முடிக்கிறேன்.

பணிவுடன்,
உராகாமி கெய்சோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பிழை பார்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "ஏங்க, அவன் எப்பவோ சொல்லிட்டானே!" என்றாள். பழைய இதழ்களிலிருந்து ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்துக் காட்டினாள். அன்றைய முறைக்காரர்கள் வகுப்பு நாட்குறிப்பு எழுதும் காட்சி. குறிப்புப் பகுதியில் ஒரிதோ எழுதியிருக்கிறான்: 'இன்று மழை. ஹினாட்சு குடை கொண்டு வரவில்லை. ஒரே குடையில் போனோம். நாளையும் மறந்துவிட்டால் நல்லது.' அதன் கீழே ஹினாட்சு: 'நாளை வெயில் என்கிறது வானிலை அறிக்கை. எப்படியானாலும் குடை கொண்டு வர மாட்டேன்.' ஹினாட்சுவின் இரண்டாவது வாக்கியம் தேவையற்றது என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வகுப்பாசிரியரும் 'பார்த்தேன்' என்று சிவப்பு முத்திரை குத்திவிட்டுப் போயிருந்தார். அவரும் பார்க்கவில்லை.

"அப்ப எதுக்கு இன்னும் வாயைத் திறந்துக்கிட்டே இருக்கான்?" என்றேன்.

"சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லணும்னு இருக்காதா? எல்லாரும் உங்கள மாதிரி ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடுவாங்களா?"

நான் என்ன சொன்னேன், எப்போது சொன்னேன் என்று கேட்கத் துணிவில்லை.

ஆகவே ஐயா, மேலே எழுதிய வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன். ஒரிதோ எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மீதி இரண்டு இதழ்களிலும் மழை பெய்தால் போதும்.